இரு பக்கமும் இழுக்கும் கொழும்பு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். ஊர் ஒரு பக்கம், கொழும்பு ஒரு பக்கம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், கல்யாணப் பந்தியிலும் இரவு பஸ்ஸிலும் நம்மவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. பதில்களில் சட்டம் உண்டு, கணக்கு உண்டு, என் அபிப்பிராயமும் உண்டு. அபிப்பிராயம் பிடிக்காதவர்கள் சட்டத்தையும் கணக்கையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சமநிலை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி கொடுப்பதுதானே?

இல்லை. அப்படிக் கொடுக்க முயல்பவர்கள்தான் முதலில் களைத்துப்போகிறார்கள். மார்ச் 31இல் கணக்காண்டை முடிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர், மார்ச் மாதத்தில் பாதி நேரத்தை வீட்டுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னால் வீட்டிலேயே யாரும் நம்பமாட்டார்கள். பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை நடக்கும் மாதத்தில் அலுவலகத்துக்குப் பாதி மனதுதான் போகும். போகட்டும்.

ஒரு பக்கத்துக்காக மறுபக்கத்திடம் எடுக்கும் நேரம் கைமாற்று மாதிரி. கைமாற்று வாங்குவதில் குற்றமில்லை. திருப்பிக் கொடுக்கும் திகதி சொல்லாமல் வாங்குவதில்தான் சிக்கல். "இந்த வேலை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பது திகதி அல்ல. "சித்திரை வருடப்பிறப்போடு சேர்த்து லீவு போட்டிருக்கிறேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று" என்பது திகதி. ஒரு நாளை எடுத்து அளந்தால் எவருடைய வாழ்க்கையும் கோணலாகத்தான் தெரியும். வருடத்தை எடுத்து அளந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் மேலாளர் வட்ஸ்அப்பில் வேலை அனுப்புகிறார். எங்கே கோடு போடுவது?

முதலில் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தனியார் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பொருந்தும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுப்பனவு. அந்த மேலதிக வேலையும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. இரண்டாம் வருடத்திலிருந்து வருடாந்த லீவு 14 நாள், அதற்குப் புறம்பாக அமய லீவு 7 நாள்.

1954இல் வட்ஸ்அப் இல்லை. சட்டம் மணிக்கணக்கைப் பேசுகிறதே தவிர, இரவு ஒன்பதரைக்கு வரும் "சின்ன விஷயம் ஒன்று" என்ற செய்தியைப் பேசவில்லை. போதாததற்கு, பதவிப் பெயரில் "நிறைவேற்று" (எக்ஸெக்யூட்டிவ்) என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு மேலதிக நேரக் கொடுப்பனவை மறந்துவிடும் முதலாளிமாரும் இந்த நகரத்தில் உண்டு. ஆகவே மீதிக் கோட்டை நீங்கள்தான் போடவேண்டும்.

பதிலே போடாமல் இருப்பது வீரம்தான். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த வீரம் கட்டுப்படியாகாது. நடைமுறையில் வேலை செய்வது இது: "இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன், அதற்கு முன் அவசரம் என்றால் அழைப்பு எடுங்கள்" என்று மேலாளரிடம் நேரில், பகலில், நல்ல முகத்தோடு சொல்லிவிடுவது. செய்தி அனுப்ப யாரும் தயங்குவதில்லை. அழைப்பு எடுக்க எல்லோரும் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் முக்கால்வாசி அவசரங்களை அடுத்த நாள் காலைக்குத் தள்ளிவிடும்.

லீவு விஷயத்தில் பிழை பெரும்பாலும் நம் பக்கம்தான். கேட்காமல் விட்ட லீவு டிசம்பரில் மிஞ்சிக் கிடக்கும், எல்லோரும் ஒன்றாகக் கேட்பார்கள், யாருக்கும் கிடைக்காது. ஜனவரியில் கலண்டரும் பேனாவுமாக உட்கார்ந்து, 14இல் பத்து நாளையாவது அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போயா நாளை எப்படிப் பயன்படுத்துவது?

ஒன்றும் செய்யாமல்.

வருடத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ முழுநிலா நாட்கள் எல்லோருக்கும் பொது விடுமுறையாகக் கிடைக்கும் நாடு இது. சைவரோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, நமக்கு அன்றைக்குக் கட்டாயக் கடமை ஏதும் இல்லை. காலி வீதியில் பஸ் குறைவு, இறைச்சிக் கடை பூட்டு, அலுவலக அழைப்பும் அரிது. இப்படி ஒரு நாளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நாளாக மாற்றுபவர்களை எனக்குப் புரிவதில்லை.

கிளைக்கதை ஒன்று: 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி, ஞாயிறு வார விடுமுறையே இருக்கவில்லை. நிலவின் கட்டங்களை ஒட்டி, போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை. நிலவு ஏழு நாள் கணக்குக்கு அடங்காது. ஆகவே சில வாரங்கள் நீண்டன. ஞாயிறு திருப்பலிக்குப் போகவேண்டிய கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கு அது வேலை நாள். வெளிநாட்டு வியாபாரத்துக்கும் ஒத்துவரவில்லை. 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது.

கனடாவில் அண்ணா, லண்டனில் தங்கச்சி, சிட்னியில் சித்தப்பா. எல்லோருடனும் கதைத்து முடிய நடுச்சாமமாகிவிடுகிறது. குறைத்தால் கோபிக்கிறார்கள்.

இது கொழும்புத் தமிழ் வீடுகளின் தனிப்பட்ட வியாதி. வைத்தியம் நேரக் கணக்கில் இருக்கிறது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால், டொரொன்டோ ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். குளிர்காலத்தில் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். கொழும்பில் ஞாயிறு மாலை ஆறரை என்றால், கோடையில் லண்டனில் பிற்பகல் இரண்டு, டொரொன்டோவில் காலை ஒன்பது. மூன்று இடத்திலும் ஆட்கள் விழித்திருக்கும் நேரம், மூன்று இடத்திலும் விடுமுறை. அந்த ஒரு மணித்தியாலத்தைக் குடும்பத்துக்கு என்று அறிவித்துவிட்டால், மற்ற ஆறு இரவுகளும் உங்களுடையவை. சிட்னிக்காரர்தான் பாவம், அவருக்கு அது இரவு பதினொன்று. அவருக்கு ஞாயிறு காலையில் தனியாக எடுங்கள்.

கூட்டு அழைப்பு என்றால் மனம்விட்டுக் கதைக்க முடியாது என்பது உண்மைதான். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த தொலைபேசியை அம்மா கையில் எடுத்துக் காதில் வைத்துவிடுவார். மூன்று கண்டத்துப் பிள்ளைகளுக்கும் திரையில் அவருடைய தோடு மட்டும் தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் "அம்மா, முகத்தைக் காட்டுங்கோ" என்று கத்துவார்கள். பாதி நேரம் இதிலேயே போகும். மனம்விட்டுக் கதைப்பதற்கு வேறு நாள் பார்க்கலாம். இந்த ஒரு மணித்தியாலம் முகம் காட்டவும் கத்தவும்தான்.

ஓய்வு எடுத்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. சும்மா இருப்பது சோம்பல் இல்லையா?

உடம்பு அப்படி நினைக்கவில்லை. நரம்புகளின் கட்டுப்பாடே இல்லாமல் தன்போக்கில் விட்டால், இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். ஓய்வில் இருக்கும்போது அதை எழுபது, எழுபத்தைந்துக்கு இறக்கி வைத்திருப்பது வேகஸ் என்ற நரம்பு. அதாவது நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு நரம்பு ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தூக்கம் ஏழு மணித்தியாலத்துக்குக் குறையவேண்டாம். இன்னொன்று, மாலை ஆறு மணிப் பிளேன் டீ. தேநீரில் உள்ள கபேனின் பாதி அளவு உடம்பிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பதினொரு மணிக்கும் கண் மூடவில்லை என்றால் மனக்கவலையைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கோப்பையைச் சந்தேகியுங்கள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்தும் சண்டைதான்.

வேலைகளைப் பிரித்திருக்கிறீர்கள், நினைவில் வைத்திருக்கும் பொறுப்பைப் பிரிக்கவில்லை. அவர் பாத்திரம் கழுவுகிறார், உண்மை. எரிவாயு முடியப்போகிறது, பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து காயவில்லை, மாமியின் மருந்து வெள்ளிக்கிழமை வரைதான் வரும் என்பதெல்லாம் ஒரே ஒரு தலைக்குள் ஓடுகிறது. பெரும்பாலும் அது மனைவியின் தலை. பிரிப்பதானால் துறையாகப் பிரியுங்கள்: மருந்து முழுவதும் ஒருவர், பாடசாலை முழுவதும் மற்றவர். கேட்டுச் செய்வது உதவி என்றுதான் எண்ணப்படும்.

சட்டமும் இந்த விஷயத்தில் கோணல்தான். தாய்க்கு 84 நாள் சம்பளத்துடன் பிரசவ லீவு உண்டு. தந்தைக்கு அரச துறையில் மூன்றே நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. தொடக்கத்திலேயே தட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, பிறகு பல வருடம் அதை நிமிர்த்தப் பார்க்கிறோம்.

சேமிப்பதா, செலவழிப்பதா? 2022க்குப் பிறகு சேமிப்பில் நம்பிக்கையே போய்விட்டது.

போனதில் நியாயம் உண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. எந்த வங்கி வட்டியும் அதை எட்டிப் பிடிக்கவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பல வருடம் சிக்கனமாக இருந்தவர்கள் செலவாளிகளைவிட அதிகம் இழந்தார்கள் என்ற எண்ணம் பலருக்கு அப்போதுதான் வந்தது.

ஆனால் அதே வருடத்தில் கையில் காசே இல்லாதவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். ஆகவே என் கணக்கு இப்படி. மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். அது இலாபத்துக்கு அல்ல, நித்திரைக்கு. அதற்கு மேல் உள்ளதை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். தங்கம் நம்மவருக்குக் கைகண்ட வழி; ஆனால் செட்டியார் தெருவில் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்துகொள்ளும், விற்கும்போது அவை திரும்பி வராது. அணிவதற்கு நகை, சேமிப்பதற்கு நாணயம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. அடகில் கிடக்கும் பழைய அட்டியலைச் சேமிப்பு என்று சொல்லி வட்டி கட்டுவது இரண்டும் கெட்டான் வேலை.

சேமிக்கவே முடியவில்லை என்று சொல்பவர்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியிடமிருந்து 3 வீதமும் போகிறது. மொத்தம் 23 வீதம். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்துவிட்டு மீதியை வேறு வேறு கொடுப்பனவுகளாகக் காட்டும் இடங்களில் இந்த 23 வீதம் மிகச் சின்னத் தொகைக்குத்தான் கணக்கிடப்படும். வேலைக்குச் சேரும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் இதைக் கேளுங்கள். சேமலாப நிதி ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் கைக்கு வரும் என்பதால், அதுவரை எளிதில் தொடமுடியாமல் இருப்பதே அதன் பெரிய நன்மை.

மீதியைச் செலவழியுங்கள். காலிமுகத்திடலில் பிள்ளைக்கு இறால் வடை வாங்கிக் கொடுக்கக் கணக்குப் பார்க்கிற அளவுக்குச் சிக்கனம் வேண்டாம்.

ஊரில் உள்ள வீட்டை விற்றுக் கொழும்பில் தொடர்மாடி வாங்கலாமா?

ஊர் என்றால் சிலருக்குப் பருத்தித்துறை, சிலருக்கு மட்டக்களப்பு, சிலருக்கு ஹட்டன். பதில் ஊருக்கு ஊர் மாறும். யாழ்ப்பாணத்தை வைத்துச் சொல்கிறேன், கேள்வி அதிகம் வருவது அங்கிருந்து.

முதலில் சட்டம். வடக்கை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும். சகோதரர்களோடு பிரிபடாத பங்காக இருக்கும் காணியை வெளியாருக்கு விற்கும் முன், பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்து வாங்கும் முதல் உரிமையைக் கொடுக்கவேண்டும். மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911இல் எழுதிய சட்டம் இன்னும் அப்படியே நிற்பதைக் கண்டு பெண் சட்டத்தரணிகளுக்கே கோபம் வருகிறது; எனக்கும்தான். நீண்ட காலம் கொழும்பிலேயே குடியிருப்பவருக்குத் தேசவழமை பொருந்துமா என்பது தனி வழக்கு. சட்டத்தரணியிடம் போங்கள், மச்சானிடம் அல்ல.

அடுத்தது கணக்குக்குள் வராத விஷயம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜெனரேட்டர் இல்லாத தொடர்மாடிகளில் லிஃப்ட் நின்றது, தண்ணீர் மேலே ஏறவில்லை, எரிவாயு சிலிண்டர் கிடைக்கவில்லை, விறகு மூட்ட இடமும் இல்லை. ஊரில் கிணறு இருந்தது, அடுப்பு இருந்தது, முற்றத்தில் முருங்கை நின்றது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுவது வசதியானது. இடறும்போதும் எல்லாம் ஒன்றாகவே இடறும்.

என் அபிப்பிராயம்: வாடகைச் சுமை தாங்கமுடியாத நிலை என்றால் விற்கலாம். "அங்கே யார் போகப்போகிறார்கள்" என்பது மட்டுமே காரணம் என்றால் விற்கவேண்டாம். 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014 அக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. இடைப்பட்ட காலத்தில் அடிமாட்டு விலைக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இப்போது அதே ஒழுங்கையில் விலை விசாரிக்கிறார்கள்.

அப்பா அம்மா ஊரில் தனியாக. கூட்டி வந்தால் இங்கே அடைந்து கிடக்கிறார்கள், விட்டுவைத்தால் நமக்கு நித்திரை இல்லை.

ஆறாம் மாடியில் அப்பாவுக்கு என்ன வேலை? காலையில் பால்கனியில் நின்று கீழே போகும் முச்சக்கர வண்டிகளை எண்ணுவார். பத்து மணிக்குப் பேப்பர் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கதவு எப்போதும் பூட்டு. ஊரில் அவர் கோயில் தர்மகர்த்தா சபையில் குரல் உயர்த்தும் ஆள்.

ஒரேயடியாகக் கூட்டி வருவது, ஒரேயடியாக விடுவது என்ற இரண்டுக்கும் நடுவே பருவம் என்று ஒன்று உண்டு. கிளினிக் திகதிகளை ஒட்டி இரண்டு, மூன்று மாதம் கொழும்பு. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் திரும்பிவிடவேண்டும். அந்த 25 நாள் திருவிழாவில் அவர்களை இங்கே பிடித்து வைப்பது பாவம். போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். திகதி தெரிந்தால் அவர்களுக்கும் விருந்தாளி மாதிரிக் கூச்சம் இருக்காது.

சகோதரர்களில் ஒருவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறார் என்ற மனக்கசப்பும் கூடவே வரும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வசதியற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். நம் வீடுகளில் யாரும் அங்கே போகமாட்டார்கள். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பணத்தை, இங்கே இருக்கும் பிள்ளை நேரத்தைக் கொடுப்பது என்று வாய்விட்டுப் பேசி முடிக்கலாமே. பேசாத இடத்தில்தான் கணக்கு வளர்கிறது.

பிள்ளையைத் தமிழ் மொழிமூலத்தில் விடுவதா, ஆங்கிலத்திலா?

அரச பாடசாலைகளில் ஆரம்ப வகுப்பு தமிழிலோ சிங்களத்திலோதான். ஆறாம் தரத்திலிருந்து சில பாடசாலைகளில் சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். இதை அறியாமலேயே ஐந்து வயதில் சர்வதேசப் பாடசாலைக்குக் கடன் வாங்குபவர்கள் உண்டு. வகுப்பறை மொழியைவிடச் சமையலறை மொழி வலுவானது என்பது என் எண்ணம். வீட்டில் தமிழில் வாதாடும் பிள்ளைக்கு எந்தப் பாடசாலையாலும் தமிழ் போகாது. சிங்களத்தையும் மறக்கவேண்டாம்; இந்த நகரத்தில் பஸ்ஸிலும் பொலிஸ் நிலையத்திலும் அதுதான் கைகொடுக்கும்.

ரியூஷன் பற்றிச் சுருக்கமாக: ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்குப் பத்து வயது. வாரத்தில் ஒரு மாலையாவது மரைன் டிரைவில் ஓட விடுங்கள்.

கோயில் ஒலிபெருக்கி பக்தியா, தொல்லையா?

காலை ஆறு மணி வரை தொல்லை. உயர் நீதிமன்றம் 2007இல் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆடிவேல் ஊர்வலத்தன்று காலி வீதியில் பஸ் நகராது என்று அலுத்துக்கொள்பவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வருடத்துக்கு ஒரு தடவை முருகனுக்கு வழிவிடலாம்.

வீட்டில் இரண்டே அறை. ஊரிலிருந்து மாதம் ஒருவராவது வந்து தங்குகிறார்கள். மறுக்கவும் முடியவில்லை.

விசா நேர்முகம், பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு, மகரகமையில் வைத்தியம், விடியற்புறம் கட்டுநாயக்காவில் விமானம். கொழும்பில் வீடு உள்ளவனின் முன்னறையில் எப்போதும் ஒரு பாய் விரித்திருக்கும். நம்மில் பலர் முதன்முதலில் கொழும்பில் படுத்து எழும்பியதும் யாரோ ஒரு மாமாவின் முன்னறையில்தான்; ஆகவே மறுக்கும்போது நாக்கு எழாது.

மறுக்கவேண்டாம், எல்லை சொல்லுங்கள். எல்லையை வந்த பிறகு சொன்னால் அவமதிப்பு, வரும் முன் சொன்னால் ஏற்பாடு. "மூன்று இரவு நம் வீட்டில் இருங்கள் பெரியம்மா, அதற்கு மேல் ஆகும் என்றால் பக்கத்து ஒழுங்கையில் லொட்ஜில் அறை பார்த்து வைக்கிறேன், சாப்பாடு நம் வீட்டில்தான்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். வெள்ளவத்தையில் நாள் வாடகைக்கு அறை கிடைப்பது கடினமில்லை. காலையில் குளியலறை ஆறு மணி முதல் ஏழு மணி வரை வேலைக்கும் பாடசாலைக்கும் போகிறவர்களுக்கு என்பதையும் அதே அழைப்பில் சொல்லிவிடுங்கள். ஊரில் நாலு மணிக்கே எழும்பிப் பழகியவர்கள், ஐந்தரைக்குள் குளித்து முடித்துவிடுவார்கள். பிட்டுக்கு ஒரு பேணி மா கூடப் போடவேண்டும், அவ்வளவுதான்.